டயாலிசிஸ் யூனிட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டவை

மற்ற வார்டுகளில் நோயாளி திரும்பி வராவிட்டால் சந்தோஷம். எங்கள் யூனிட்டில் மூன்றாம் நாள் திரும்பி வந்தால்தான் சந்தோஷம்.

நான் டயாலிசிஸ் டெக்னீசியன். வீடு வேலூரில், வேலை ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். ஆறு மிஷின், ஆறு கட்டில். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வந்து, நான்கு நான்கு மணி நேரம் படுப்பார்கள். மிஷின் அவர்கள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் இறக்கிவிட்டு, திரும்ப உள்ளே அனுப்பும். நான் நர்ஸ் இல்லை என்று முதல் இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. இந்தப் பதினான்கு வருடமாக எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்பது சாதாரணமில்லை. என் வீட்டுக்காரரோடு கூட நான் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசியதில்லை.

ஆஸ்பத்திரியிலோ, பள்ளிக்கூடத்திலோ, பாங்க் கவுண்டரிலோ உட்கார்ந்துகொண்டு, “இதையெல்லாம் நீங்களே செய்யக் கத்துக்கணும்” என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்களும் நானும் சொந்தக்காரர்கள். தைரியமாக மேலே படியுங்கள்.

டாக்டரம்மாவின் புது யோசனை

எங்கள் டாக்டரம்மா வெளியூரில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். கூட்டத்துக்குப் போகிற டாக்டர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இவர் கொண்டுவந்தது ஒரு யோசனை. நோயாளிகள் தங்கள் சிகிச்சையில் தாங்களும் பங்கெடுக்க வேண்டுமாம். வந்தவுடன் எடையைத் தானே பார்த்துத் தானே எழுத வேண்டும். ஊசி குத்தப்போகும் கையைத் தானே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஊசியை எடுத்த பிறகு பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் இருக்கும் ஃபிஸ்டுலாவைத் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஃபிஸ்டுலா என்பது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைப்பது. அந்த இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும். தொட்டால் உள்ளே அதிர்வது தெரியும். அங்கேதான் நாங்கள் ஊசி குத்துவோம். அது அடைத்துக்கொண்டால் மிஷின் பக்கத்திலேயே இருந்தும் பிரயோசனமில்லை.

யோசனைக்குக் காரணம் எனக்குத் தெரியும். காரணத்தின் பெயர் முனுசாமி. வயது ஐம்பத்திரண்டு, தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஆபரேட்டர். இடது கையில் இருந்த அவருடைய ஃபிஸ்டுலா ஒரு தடவை அடைத்துக்கொண்டது. எப்போது அடைத்தது என்று அவருக்கே தெரியாது. ஊசியோடு நான் போய் நின்றபோதுதான் அது ஓடவில்லை என்று தெரிந்தது. காலம் கடந்துவிட்டதால் சரிசெய்ய முடியவில்லை. கழுத்தில் குழாய் வைத்து மூன்று மாதம் ஓட்டினோம். அதில் இரண்டு தடவை கிருமி ஏறி, குளிர் காய்ச்சலில் கட்டில் ஆடும்படி நடுங்கினார். அப்புறம் வலது கையில் புதிதாகத் தைத்தார்கள். இதுவும் போனால் இரண்டு கையிலும் நல்ல ரத்தக்குழாய் மிச்சமில்லை, மறுபடியும் கழுத்துதான் என்று டாக்டரம்மா அவர் எதிரிலேயே சொல்லிவிட்டார்.

அதனால் பட்டியலை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டினேன். முனுசாமி எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறக்காமலேயே பதில் சொன்னார்.

“மிஷின் ஓட்றது நீங்க, ஊசி போட்றது நீங்க. எல்லாத்தையும் நானே பாத்துக்கறதுன்னா இன்னாத்துக்கு சிஸ்டர் பஸ் ஏறி வர்றேன், வூட்லயே இருந்துட மாட்டேனா?”

ஒரு மாத எடை

தேவராஜ் ஆலங்காயத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர். நல்ல மனிதர், ஆனால் எடை மிஷினைக் கண்டால் மட்டும் களவாணி ஆகிவிடுவார். இரண்டு நாளில் உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதை எடைதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் நான் திட்டுவேன். அதனால் மிஷினில் ஏறும்போது ஒரு விரலை மட்டும் நைசாகச் சுவரில் ஊன்றிக்கொள்வார். ஒரு விரலில் முக்கால் கிலோ குறைக்கிற வித்தை அவரிடம் இருந்தது. மிஷினைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார்.

புதுத் திட்டப்படி அவருக்கும் ஒரு நோட்டுக் கொடுத்தேன். தன் எடையைத் தானே எழுதினால் பொறுப்பு வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அடுத்த வாரம் நோட்டைப் புரட்டினால் எனக்குத் தலை சுற்றியது. அந்த மாதம் முழுவதற்கும், இன்னும் வராத தேதிகளுக்கும் சேர்த்து, அழகான கையெழுத்தில் எழுதி முடித்திருந்தார். எல்லா நாளும் ஒரே எடை, சரியாக இரண்டு கிலோ ஏற்றம். என்ன இது என்று கத்தினேன். கூசவே இல்லை மனிதர்.

“தெனம் தெனம் திட்டு வாங்கறது பேஜாரா இருக்குது சிஸ்டர். மொத்தமா எழுதிட்டேன், நீங்களும் மொத்தமா ஒருதபா திட்டிடுங்க.”

உப்பும் ஆட்டுத்தோலும்

முனுசாமிக்கு நோட்டும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். ஆனால் ஒரு நாள் தன் சிகிச்சையில் அவராகவே பங்கெடுத்தார். எடுக்காமலே இருந்திருக்கலாம். அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கும்போதே மூச்சு வாங்கியது. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. எடை மிஷினில் ஏற்றினால் ஐந்து கிலோ ஏற்றம். படுக்கக்கூட முடியவில்லை, உட்கார வைத்துத்தான் மிஷினில் போட்டோம். அவர் மனைவி கஸ்தூரி அழாத குறையாக விஷயத்தைச் சொன்னார். இரண்டு நாளாக ஊறுகாய், கருவாடு, போதாததற்கு மோரில் ஒரு கை உப்பு. யார் சொல்லியும் கேட்கவில்லையாம்.

மூச்சு சீரானதும் நான் பிடித்துக்கொண்டேன். உப்பு வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேனே, எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் மிகவும் நிதானமாக விளக்கினார். டேனரியில் டிரம்முக்கு வருவதற்கு முன்னால் அவர் பச்சைத் தோல் குடோனில் வேலை பார்த்தவர். அங்கே ஆட்டுத்தோல் வந்து இறங்கியதும் உப்பைத்தான் அள்ளிப் போடுவார்கள். உப்புப் பட்டதும் தோலில் இருக்கிற தண்ணீரெல்லாம் கசிந்து தரையில் ஓடும். அதை அவர் வருடக்கணக்காகக் கண்ணால் பார்த்திருக்கிறார். தன் உடம்பிலும் தண்ணீர்தானே பிரச்சினை, உப்பைப் போட்டால் வெளியே வந்துவிடும் என்று யோசித்திருக்கிறார். பதினான்கு வருடமாக உப்பைப் பற்றி நான் பேசியிருக்கிற பேச்சு எதிலும் ஆட்டுத்தோல் வந்ததில்லை. டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் பேப்பரில் படம் போட்டு விளக்கினார். முனுசாமி மரியாதைக்குத் தலையாட்டினார். நம்பவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார். இரண்டு கிலோதான் ஏறியிருந்தது. ஊறுகாய்ப் பாட்டிலைக் கஸ்தூரியிடம் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். டாக்டரம்மாவின் படம் புரிந்துவிட்டதா என்று கேட்டேன். படமெல்லாம் இல்லை, தானே யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

“அது செத்த ஆடு சிஸ்டர், உப்பு போட்டா அதுக்குத் தாகம் எடுக்காது. எனக்கு எடுக்குது, சொம்பு சொம்பா குடிக்கறேன். அதான் மிஸ்டேக்.”

லைன் நிற்கும்

சரளா ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். தைத்து வருகிற ஷூவின் மேல்தோலில் தையல் பிசகியிருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற செக்கர். டயாலிசிஸ் இல்லாத நாளில் இன்றைக்கும் வேலைக்குப் போகிறாள். புதுத் திட்டத்தை முதல் நாளே ஏற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். பட்டியலை வாங்கி, மடித்து, மொபைல் கவருக்குள் வைத்துக்கொண்டாள். நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை ஒன்பது நாள் நீடித்தது.

பத்தாம் நாள் அவளுக்கு ஊசி குத்தத் தயாராக இருந்தேன். கிளவுஸ் போட்டாயிற்று, மருந்து வைத்துத் துடைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மிஷின் கத்தியது. எட்டிப் போய் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வந்து ஊசியை எடுத்தேன். சரளா கையைச் சட்டென்று மார்போடு இழுத்துக்கொண்டாள். கிளவுஸை மாற்றச் சொன்னாள். ஒரு பட்டன்தானே என்றேன். மொபைல் கவரிலிருந்து பட்டியலை எடுத்து, ‘கிளவுஸ் போட்ட கையால் வேறு எதையும் தொட்டால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்’ என்று நான் என் கையால் எழுதிக் கொடுத்திருந்த வரியைக் காட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததற்குக் காரணம் அவள் சொன்னது சரி என்பதுதான். மாற்றிக்கொண்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சமாதானமாகச் சொன்னாள்.

“கோச்சிக்காதீங்க சிஸ்டர். அங்க ஒரு பீஸ் தப்பா போச்சின்னா லைனை நிறுத்துவாங்க. இங்க தப்பா போச்சின்னா அந்த பீஸு நானு.”

உள்ளங்கை

முனுசாமியை ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்க்க வைப்பதுதான் ரொம்ப நாள் நடக்கவில்லை. காலையில் ஒருதரம், மதியம் ஒருதரம், படுக்கும்போது ஒருதரம், பத்து விநாடி வேலை. செய்தீர்களா என்று கேட்டால் ஆச்சு சிஸ்டர் என்பார். எங்கே, இப்போது செய்து காட்டுங்கள் என்றால் சூடான பாத்திரத்தைத் தொடுகிறவர் மாதிரி விரல் நுனியை வைத்து எடுத்துவிடுவார். அவருக்கு அதைத் தொடப் பயம் என்று எனக்கு வெகு நாள் புரியவில்லை. நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஊசி குத்துவதற்கு முன்னால் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது டிரம்மைப் பற்றிக் கேட்டேன். ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே மரத்தில் செய்த பீப்பாய், உள்ளே தோலும் மருந்துத் தண்ணீரும் போட்டு மணிக்கணக்காகச் சுற்றுவது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்றேன். அன்றைக்குத்தான் முனுசாமி எழுந்து உட்கார்ந்து பேசியதைப் பார்த்தேன். அச்சு உட்காருகிற கட்டையில் உள்ளங்கையை வைத்தால் போதுமாம். லோடு ஜாஸ்தியா, தோல் முடிச்சுப் போட்டுக்கொண்டதா, பெல்ட் நழுவுகிறதா, எல்லாம் கையில் தெரியுமாம். காதில் விழுவதற்கு முன்னாலேயே கையில் தெரிந்துவிடும் என்றார். விரலால் தொட்டால் தெரியாதா என்று கேட்டேன். விரலுக்கு என்ன தெரியும், உள்ளங்கைதான் என்றார். அவருடைய இடது உள்ளங்கையை எடுத்து வலது மணிக்கட்டின் மேல் வைத்து, என் கையால் லேசாக மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடினார். முகம் மாறியது. ஓடுது என்றார். சத்தம் இல்லாமல் ஒரே சீராக ஓடுகிறது என்றார். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே அவர் கண்ணைத் திறந்து, தழும்பு மட்டும் மிச்சமிருக்கிற தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார்.

“அப்போ அந்தக் கையிலயும் இப்டித்தான் ஓடிக்கினு இருந்துச்சா சிஸ்டர்?”

காப்பு

அதற்குப் பிறகு அவரிடம் நான் கேட்கவே வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “ஓடுது” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்கு வணக்கம் சொல்வதை விட்டுவிட்டார், இதுதான் வணக்கம்.

ஆடி மாதம் அவர்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கொம்பு கோத்த நூலை ஆண்களுக்கு வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டால், திருவிழா முடிகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. முனுசாமி வீட்டில் தலைமுறையாகக் கட்டுகிறார்கள். இதை முன்கூட்டியே யோசிக்காதது என் தவறு. இறுக்கினால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும், அந்தக் கையில் வாட்ச் கட்டாதே, வளையம் போடாதே, பை மாட்டாதே என்றெல்லாம் எழுதியிருந்த பட்டியலில் அம்மன் காப்பு இல்லை. கூழ் ஊற்றுகிற வாரம் நினைவுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். கஸ்தூரிதான் எடுத்தார். காலையிலேயே காப்புக் கட்டியாயிற்று என்றார்.

எந்தக் கையில் என்று கேட்டேன். கஸ்தூரி சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். பூசாரி வலது கையைக் கேட்டிருக்கிறார். முனுசாமி இடது கையை நீட்டியிருக்கிறார். இடது கையில் கட்டுகிற வழக்கம் இல்லை என்று பூசாரி கோபித்துக்கொள்ள, வரிசையில் நின்றவர்களும் முணுமுணுக்க, முனுசாமி வாதாடவில்லை. பூசாரியின் உள்ளங்கையைப் பிடித்து இழுத்துத் தன் வலது மணிக்கட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாராம். பூசாரி முதலில் கையை உருவப் பார்த்தாராம், அப்புறம் வைத்த கையை எடுக்கவே இல்லையாம். அதன் பிறகு பூசாரியே இடது கையை வாங்கி நூலைக் கட்டிவிட்டு, வரிசையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாராம்.

“ஆத்தா இந்தக் கைக்குள்ளயே ஓடிக்கினு இருக்கறா. மேல வேற நான் எதுக்குக் கட்டணும், நகருங்கப்பா.”

சொட்டு நீர்

தேவராஜும் திருந்தினார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நானும் முழுதாக நம்பவில்லை. ஆனால் ஒரு கோடை முழுவதும் அவருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஏறவில்லை. சுவரில் விரலும் இல்லை, ஸ்டாண்டில் கையும் இல்லை, நானே குனிந்து பார்த்தேன். எப்படி என்று கேட்டால் ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அதில் பேனாவால் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் நேரம் எழுதியிருந்தார். காலை ஏழு மணிக்கு ஒரு கோடு, பத்து மணிக்கு ஒரு கோடு. தண்ணீரைக் குறையுங்கள் என்று நான் நான்கு வருடம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“மாமரத்துக்கு சொட்டு நீர் போட்டு ஆறு வருஷம் ஆவுது. மரத்துக்கு அளந்து வுட்றவன் எனக்கு மட்டும் மடையைத் தொறந்து வுட்டுக்கினு இருந்தேன் சிஸ்டர்.”

ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சர்ச்சில் இருந்தேன், போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. வெளியே வந்து பார்த்தால் முனுசாமியிடமிருந்து ஆறு அழைப்பு. திரும்பக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் நிதானமாக இருந்தது. நேற்று முழுக்க வயிற்றுப்போக்கு; உடம்பில் தண்ணீர் ரொம்ப வற்றினாலும் ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும். காலையில் எழுந்து கையை வைத்தால் ஓடவில்லை. இன்னொரு தடவை வைத்தார், கஸ்தூரியையும் வைக்கச் சொன்னார். எனக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. எடுக்கிற வரைக்கும் காத்திருக்காமல் வேலூருக்குப் பஸ் ஏறிவிட்டார். ரத்தக்குழாய் டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராக வரச் சொல்லிவிட்டு நானும் ஆட்டோ பிடித்தேன். வழியில் எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. போன தடவை தெரியாமலே போய்விட்ட நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடைப்பு புதிதாக இருந்தால் எடுத்துவிடலாம், பழசாகிவிட்டால் முடியாது. அதனால் டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் எப்போது அடைத்தது என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பெரும்பாலான நோயாளிகள் இந்த இடத்தில் ‘ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரி இருந்துச்சு’ என்பார்கள். முனுசாமி, நேற்று ராத்திரி படுக்கும்போது ஓடியது, காலை ஆறு மணிக்கு இல்லை என்றார். யார் பரிசோதித்துச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றார் முனுசாமி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முனுசாமி அவரை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார். மதியத்துக்குள் அடைப்பை எடுக்க உள்ளே கூட்டிப்போனார்கள். சாயங்காலம் வெளியே வந்தபோது கை ஓடியது. டாக்டருக்கு அவர் சொன்ன பதில் இதுதான்.

“இருவத்தாறு வருஷம் டிரம்முல கை வெச்சவன் சார் நானு. ஓட்றதுக்கும் நின்னதுக்கும் வித்தியாசம் தெரியாதா?”

எந்தக் கை

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் இதற்குப் பதினைந்து நாள் கழித்து நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

அன்று திங்கட்கிழமை. கூட வேலை பார்க்கிற பெண் லீவு. ஆறு கட்டிலுக்கும் நான் ஒருத்திதான். முனுசாமி வழக்கம்போல வாசலில் “ஓடுது” என்று சொல்லிவிட்டு வந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். மிஷினில் போடுவதற்கு முன்னால் பிரஷர் பார்க்க வேண்டும். எங்கள் யூனிட்டில் முக்கால்வாசிப் பேருக்கு ஃபிஸ்டுலா இடது கையில் இருக்கும், அதனால் பிரஷர் பட்டியை வலது கையில் கட்டிக் கட்டி என் கை பழகிப்போயிருந்தது. அந்தப் பட்டி காற்று ஏறிக் கையை நெரிக்கிற பட்டி. அடைப்பு எடுத்துப் பதினைந்து நாளே ஆன குழாயின் மேல் அப்படி நெரித்தால் என்ன ஆகும் என்று அந்த அறையிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான். ஒரு பக்கம் மிஷின் கத்த, இன்னொரு பக்கம் தேவராஜ் ஏதோ கேட்க, நான் முனுசாமியின் வலது கையில் பட்டியைச் சுற்றிக் கட்டி, பட்டனில் விரலை வைத்துவிட்டேன்.

என் விரலின் மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. காய்த்துப்போன உள்ளங்கை. அமுக்கவில்லை, தள்ளவில்லை, சும்மா இருந்தது. அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. பட்டியைப் பிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்து சரளா பார்த்துக்கொண்டிருந்தாள். கிளவுஸுக்குச் சொன்ன மாதிரி ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், தலையைத் திருப்பிக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்ததும் நானே டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. வலது கையில் ஃபிஸ்டுலா இருப்பவர்களின் கட்டிலுக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னார். அப்புறம், அந்த நேரத்தில் முனுசாமி என்ன சொன்னார் என்று கேட்டார். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“சிஸ்டர், அந்தக் கையில கட்டுங்க. இது ஓடிக்கினு இருக்குது.”

நோயாளிகளுக்கு அவர்கள் வேலையைக் கற்றுக்கொடுத்தால் நம் வேலை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் வேலை அப்படியேதான் இருக்கும், அதில் தப்புக் கண்டுபிடிக்கிறவர்கள் மட்டும் வாரத்துக்கு மூன்று தடவை தவறாமல் வந்து படுத்துக்கொள்வார்கள், அவர்கள் அப்படி வந்துகொண்டே இருக்கட்டும்.